சிக்குப் பாட்டும் மூன்று குரல் பெட்டியும்

போன வாரம் மகள் மடிக்கணினியில் என்னவோ நோண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சத்தம். தகர டப்பாவுக்குள் அகப்பட்ட வண்டு, அதைப் பற்றிய கவலையே இல்லாமல் பாடினால் எப்படி இருக்கும், அப்படி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவன் கத்தியும் கையுமாக ஓடிப்போய் நின்றேன்.

“எந்தா அப்பா, பேடிச்சுப் போயிட்டீங்களா? பழைய கம்ப்யூட்டர் சிப்போட சவுண்டு. அதுல பாட்டு உண்டாக்கற சாஃப்ட்வேர் இது. இப்போ பசங்களுக்கெல்லாம் இதுதான் பைத்தியம்.” திருவனந்தபுரத்தில் வளர்ந்தவள், தமிழோடு மலையாளம் கலந்துதான் வரும்.

திரையில் எண்கள் மூன்று பத்திகளாக ஓடின. மூன்று பத்தி, மூன்று குரல். எனக்கோ மூக்கில் உடைத்த தேங்காயின் வாசனை ஏறியது. சிப்புக்கும் தேங்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஊரில், பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கிற வாசனை மாடிவரை வரும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்தான் எனக்கு முதல் வேலை. கீழே ஜவுளிக்கடை, மேலே நாங்கள். நாகர்கோவிலிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும், ‘எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்’ என்ற பெரும் பொய்யோடும் வந்து சேர்ந்திருந்தேன்.

முதலாளி விஜயன் சேட்டன், வளைகுடாவில் இருந்து திரும்பியவர். வரும்போது கொண்டுவந்த வீட்டுக் கம்ப்யூட்டர்தான் சென்டரின் மூலதனம். பிஸ்கட் டப்பா அளவில் இருக்கும். டிவியில் செருகிக்கொள்ள வேண்டும். புரோகிராம்களெல்லாம் கேசட்டில். டேப் ரெக்கார்டரில் போட்டால் கீச்கீச்சென்று கத்திக் கத்தித்தான் உள்ளே ஏறும். அந்தக் கேசட்டுகளில் ஒன்றில் பாட்டு அமைக்கிற புரோகிராம் இருந்தது. சுரம், அதன் நீளம், அதன் சத்தம் என்று எண்களாகக் கொடுத்தால் பெட்டி பாடும். ஒரே நேரத்தில் மூன்று குரல். நாலாவதாக ஒன்று கேட்டால் மரியாதையாக மறுத்துவிடும்.

அதைக் கண்டுபிடித்தது நானல்ல, வரவேற்பில் இருந்த லலிதாக்கா. கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் வீடு. கானமேளை என்கிற திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் மேடையேறிப் பாடிக்கொண்டிருந்தவர். முதலில் முகம் சுளித்த தெருக்காரர்களே பிறகு பின்வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்டார்களாம். கழுத்தில் ஒரு கட்டி வந்து ஆபரேஷன் ஆனபின் குரல் போய்விட்டது. பேச்சு வரும், உமியைத் தேய்ப்பதுபோல. பாட்டு வராது. நான் அறிந்தது அந்த உமிக்குரலை மட்டும்தான்.

ஒருநாள் மத்தியானம் புளியோதரைத் தூக்கைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார்.

“ராதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுத்து. நான் பாடணுமாம். இல்லேன்னா ரிசப்ஷன்ல கச்சேரியே வேண்டாங்கறா.”

ராதா அவருடைய தங்கை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் வளர்த்தது. ராதாவுக்கு அடர்ந்த சுருட்டை முடி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னலிட உட்கார வைத்தால் தெருவே கூடுகிற மாதிரி அழுவாளாம். அழுகையை நிறுத்த லலிதாக்கா தானாகக் கட்டிய பாட்டு ஒன்று: ‘சிக்கே சிக்கே ஓடிப்போ, சீப்பு வரது பாத்துக்கோ.’ தங்கை கேட்டது அந்தப் பாட்டைத்தான்.

“பாட வராதுன்னு சொல்லிருங்கக்கா. அவளுக்குத் தெரியாதா?”

“தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறா.” பிறகு பெட்டியைப் பார்த்தார். “இது பாடுமோன்னோ?”

அப்படித்தான் தொடங்கியது. வகுப்பில்லாத நேரமெல்லாம் அவர் உமிக்குரலில் சுரம் சொல்ல, நான் எண்ணாக்கித் தட்டுவேன். முதல் குரலில் பாட்டு, இரண்டாவதில் சுருதி. மூன்றாவதில் ‘ஷ்’ என்று ஒரு இரைச்சல் வரவழைத்து மிருதங்கமென்று பெயர் வைத்தோம். மின்சாரம் போனால் அவ்வளவும் போய்விடும். எனவே நாலு வரிக்கு ஒருமுறை கேசட்டில் ஏற்றுவோம். முதல் தடவை முழுப்பாட்டையும் ஓடவிட்டபோது லலிதாக்கா தலையை ஆட்டினார்.

“இது சுரத்துக்குச் சுரம் படியேறறது. எனக்குப் படி வேண்டாம். ஊஞ்சல் வேணும்.”

“மெஷினு அப்படி வழுக்காதுக்கா.”

“வழுக்க வை. நீ பெரிய இன்ஜினியர்னு சொன்னயே!”

அப்படி நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. ஒரு சுரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தேன். வண்டுச் சத்தம் லேசாக அசைந்தது. மறுபடி கூட்டினேன். அசைந்து, வளைந்து, இறங்கியது. லலிதாக்கா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த விஜயன் சேட்டன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “எடா, இது கம்ப்யூட்டர் சென்டரா, கானமேளயா?” என்றார். ஆனால் கல்யாணத்துக்குப் பெட்டியும் டிவியும் கேட்டபோது, அவரே ஆட்டோ பிடித்து, டிவியைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்.

ரிசப்ஷனில் நடந்ததைச் சொல்லவேண்டும். கேசட் கத்தத் தொடங்கியதும் மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர், “மிக்ஸி கேடாயிடுத்தா?” என்று கேட்டார். சிரிப்பலை. முக்கால்வாசி ஏறியதும் பெட்டி ‘பிழை’ என்று படுத்துவிட்டது. யாரோ நீட்டிய வாசனை சென்ட்டில் கைக்குட்டையை நனைத்து டேப்பின் ஹெட்டைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. இந்த முறை மண்டபம் பொறுமையிழந்துவிட்டது. குழந்தைகள் பந்திப் பக்கம் ஓடினார்கள். நான் லலிதாக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

பாட்டு வந்தது. முதல் சுரங்களுக்கு யாரோ “வாட்ச் அலாரம்!” என்றார்கள், மறுபடி சிரிப்பு. மேடையில் புகைப்படத்துக்குப் புன்னகைத்துக்கொண்டிருந்த ராதா மட்டும் சட்டென்று திரும்பினாள். கை தானாக அவள் பின்னலுக்குப் போனது. ஊஞ்சலாடுகிற இடம் வந்தபோது சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. அப்போதுதான் பார்த்தேன். லலிதாக்கா டிவிக்குப் பக்கத்தில் நின்றபடி, தங்கையைப் பார்த்து, வார்த்தைகளுக்கு உதடசைத்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. ராதாவின் கண்மை கன்னத்தில் வழிந்தது. புகைப்படக்காரர் எடுக்காமல் கேமராவைக் கீழே இறக்கினார்.

பிறகு சென்டருக்குப் பெரிய கம்ப்யூட்டர்கள் வந்தன. பிஸ்கட் டப்பா பரணுக்குப் போயிற்று. எங்கள் கேசட் திருவனந்தபுரத்து மழைக்குத் தப்பவில்லை, நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். ஜவுளிக்கடையும் இல்லை, மாடியும் இல்லை. இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். விஜயன் சேட்டன் போய்விட்டார். லலிதாக்கா போயும் சில வருடங்களாகின்றன.

துக்கம் கேட்கப் போயிருந்தபோது, ராதாவிடம் பேச்சோடு பேச்சாக அந்த ரிசப்ஷனைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. சுருட்டை மட்டும் அப்படியே இருந்தது.

“மறக்க முடியுமா? அக்கா பாடினாளே!”

“அந்த மெஷின்...” என்றேன்.

“மெஷினா? எந்த மெஷின்?” நிஜமாகவே யோசித்தாள். “அங்க மெஷின் ஒண்ணும் இருந்ததா ஞாபகமில்லை. அக்காவாக்கும் பாடினா. எனக்கு நேரா நின்னுண்டு, முழுப் பாட்டும். அந்தப் பழைய குரல்ல. நான் கேட்டேனே.”

ஆமாம் என்றேன்.