கலா என்ன படித்தாள்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. குவைத்தின் ஃபஹாஹீலில், என் கணவரோடு வேலை பார்க்கும் சேகர் வீட்டில் மதியச் சாப்பாடு.

சாப்பிடும்போது வழக்கம்போல என் ஸ்கூல் புலம்பல். அப்பாசியாவில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தவிக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை.

"நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையே மேடம்" என்றார் சேகர். அவர் மனைவி கலா ரசம் ஊற்றினாள்.

சாப்பிட்டபின் டிவி. தொலைநோக்கி எடுத்த கேலக்ஸி படங்கள் வரிசையாக ஓடின.

"எல்லாம் ஒரே கொசுவர்த்திச் சுருள்தான்" என்றார் சேகர், சோபாவில் சாய்ந்தபடி.

டீ டம்ளர்களோடு வந்த கலா நின்றாள். "ஒண்ணு இல்லைங்க. நடுவுல பெரிய குமிழ் இருக்கு, கையெல்லாம் இறுக்கமா சுத்தியிருக்கு பாருங்க... இது எஸ்ஏ வகை. அடுத்தது பாருங்க, குமிழ் சின்னது, கை தளர்ந்து பிரிஞ்சு, திட்டுத் திட்டா புது நட்சத்திரம். அது எஸ்சி. நடுவுல பட்டையா ஒரு கோடு ஓடி, அதோட முனையிலேர்ந்து கை கிளம்புச்சுன்னா அது எஸ்பி, தனி வரிசை. நம்ம பால்வீதியிலயும் அந்தப் பட்டை இருக்கு."

அவள் நீட்டிய டம்ளர் என் கையில் சுட்டது — கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சேகர்.

"எம்.எஸ்சி. பிசிக்ஸ்ல என் ப்ராஜெக்டே இதுதானே."

"பிசிக்ஸா? மேத்ஸ் இல்ல?"

கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல். இரண்டு பிள்ளைகள். கேலக்ஸி தூரத்தில் இருக்கிறது, சரி... எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளையுமா தெரியாது?

சமையலறைக்குப் போய்க் கேட்டேன். "நான் ஆள் தேடுறேன்னு சொன்னப்பவே வாயத் திறந்திருக்கலாமே கலா?"

"அவர்தான் யாரும் இல்லன்னுட்டாரே அக்கா."

மறுநாள் காலையிலேயே பிரின்ஸிபாலிடம் போனில் பேசினேன். கலா டெமோ கிளாஸ் எடுத்தாள். சேகர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். இப்போது ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிர் நாற்காலி அவளுக்கு.

அந்த வெள்ளிக்கிழமை சேகர் வீட்டிலிருந்து திரும்பும்போது, சேகரைக் கிண்டலடித்தபடி கார் ஓட்டிய என் கணவரிடம் மெதுவாகக் கேட்டேன்: "நான் காலேஜ்ல என்ன மேஜர், சொல்லுங்க?"

"சிக்னல் வருது, பேசாம இரு" என்றார்.