இடுப்புக் குழியில் ஒரு துளை

நான் கண்டுபிடித்த டைனோசர் டைனோசரே அல்ல. அதை டைனோசராக்கியது என் கை. தெரிந்தே மறைத்தேன்!

உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். டிரயாசிக் காலத்தில், டைனோசர்கள் தலையெடுக்கத் தொடங்கியபோது, அவற்றைப் போலவே தோற்றம் கொண்ட வேறு ஊர்வனவும் ஏராளம். பிரித்தறிய நாங்கள் இடுப்பெலும்பைப் பார்ப்போம். தொடையெலும்பு வந்து பொருந்தும் குழியின் அடி, மற்றவற்றில் பெரும்பாலும் எலும்பால் மூடியிருக்கும். டைனோசருக்கோ திறந்திருக்கும்.

கோதாவரிப் படுகையிலிருந்து வந்த, அப்படியோர் இடுப்பெலும்பு பொதிந்த செம்பாறைக் கட்டியை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பொறுமையாகச் சுரண்டியிருக்க வேண்டும். திருவொற்றியூரில் என் வீட்டுக்கே தூக்கி வந்தேன். அவசரம்... பெயர் வாங்கும் அவசரம்! அதிரும் ஊசியால் குழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று வீட்டையே குலுக்கிக்கொண்டு போனது. குழியின் அடியை மூடியிருந்த எலும்பை ஊசி துளைத்து இறங்கிவிட்டது. லாரியின் மேல் பழியைப் போடட்டுமா? அப்பளம் போன்ற எலும்பில் ஊசியை அத்தனை அழுத்திப் பிடித்தது லாரியா?

பெயர்ந்த சில்லுகளைக் குப்பையோடு கூட்டித் தள்ளினேன். உடைந்த விளிம்பைத் தேய்த்து, செம்மண்ணைப் பசையில் குழைத்துப் பூசினேன். துளை பழையதாகிவிட்டது. நான் பெரிய ஆளாகிவிட்டேன்.

நசீமா மட்டும் நம்பவில்லை. வண்ணாரப்பேட்டைக்காரி, கல்லூரி நாளிலிருந்து தோழி, அதே ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவள். உருப்பெருக்கியிலிருந்து தலையை நிமிர்த்தி, எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்.

“இன்னாடா இது? ஓரம் ஒடஞ்சா மாதிரி கீது. நோண்டும்போது ஒடச்சிட்டியா?”

“எனுக்குக் கெடச்சிச்சுன்னு உனுக்கு ஏன் காண்டாவுது?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவளுக்குப் ‘பொறாமைக்காரி’ என்று பெயர் விழுந்தது. மறுத்திருக்க வேண்டியவன் நான்... வாயைத் திறக்கவில்லை. எலும்பைப் பார்க்கத் தெரியாதவள் என்று அவளுடைய வழிகாட்டியே ஒதுக்கிவிட்டார். ஆய்வைப் பாதியில் விட்டாள். இப்போது மாதவரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை.

சென்ற மாதம் அந்தப் பள்ளியில் பேச என்னை அழைத்தாள். வெட்கமில்லாமல் போனேன்! கரும்பலகையில் அந்த இடுப்பெலும்பை அவளே வரைந்து வைத்திருந்தாள், துளையோடு. பிள்ளைகள் கைதட்டினார்கள். வழியனுப்ப வந்தவள் வாசலில் நின்றாள்.

“அன்னிக்கு உன்ன வீணா சந்தேகப்பட்டுட்டேன்டா. அதுக்கப்பறம் என் கண்ணையே நான் நம்பறதில்ல. மன்சுல வச்சிக்காத... மன்னிச்சிடு.”

அங்கேயே சொல்லியிருக்கலாம். நா எழவில்லை என்று உங்களிடமும் பொய் சொல்லமாட்டேன். நன்றாகவே எழுந்தது.

“வுடு நசீமா. அத்த நான் அப்பவே மறந்துட்டேன்.”

அவள் முகத்தில்தான் எத்தனை நிம்மதி! நான் அவளை மன்னித்துவிட்டேனாம்...