ஃபேன் வேண்டாத ஊர்

மே மாதம் வந்தால் அலுவலகத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு. லீவுக்கு எங்கே? அதைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவேன். கேட்டவர் மேல் ஒரு தப்பும் இல்லை. என் கோபமெல்லாம் முடிச்சூர் ரோட்டில் இருந்த ஒரு குடோன் மேலும் அதன் முதலாளி மேலும்தான். ரொம்ப காலம் என் அப்பா மேலும் இருந்தது.

அது சீலிங் ஃபேன் குடோன். அப்பா அங்கே இன்சார்ஜ். தாம்பரத்துக்குத் தெற்கே எந்த ஊர்க் கடைக்கு எத்தனை ஃபேன் பெட்டி போகவேண்டும், எந்த லாரியில் போகவேண்டும் என்று பார்த்து அனுப்புவது அவர் வேலை. ஜனங்களுக்கு வேர்க்கிற மாதங்களில்தான் ஃபேன் விற்கும். பள்ளிக்கூடம் மூடுவதும் அதே மாதங்களில்தான். ஆக, எங்களுக்கு லீவு விட்ட அன்றிலிருந்து அப்பாவை வீட்டில் பார்ப்பதே அபூர்வமாகிவிடும். எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஊட்டி போனார்கள், பெங்களூர் போனார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு குடோனுக்குப் போனேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதை முட்டுகிற உயரத்துக்கு ஃபேன் பெட்டிகள். ஆனால் ஓடுகிற ஃபேன் ஒன்றே ஒன்று, அதுவும் முதலாளியின் நாற்காலிக்கு மேலே. அந்தக் குடோனில் இருந்த நாற்காலியும் அது ஒன்றுதான். முதலாளி வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவார். வராத நாளிலும் அதில் யாரும் உட்காரமாட்டார்கள், ஃபேனையும் போடமாட்டார்கள். அப்பா நின்றுகொண்டேதான் எழுதுவார். சாப்பிடும்போது காலி அட்டைப்பெட்டி ஒன்றை மடித்துத் தரையில் போட்டு உட்காருவார். முதலாளிக்கு அவர் "யோவ்". யோவ் என்றால் ஓடுவார். அதில் அவருக்குக் குறை இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நான் ஏழாம் வகுப்பு முடித்த வருஷம், அம்மா பங்குனியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த வருஷம் கொடைக்கானல். அங்க ஒருத்தர் வீட்லயும் ஃபேனே கெடையாதாம். அந்த ஊர்லயாவது உங்க வாயில ஃபேன் பேச்சு வராம இருக்குதா பாக்கறேன்."

அப்பா எப்படித்தான் கேட்டாரோ, ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்தார். முதலாளி லீவு கொடுத்துவிட்டாராம். அதற்கு மேலே, குடோன் வேனையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். டிரைவரும் உண்டு, டீசலும் உண்டு.

அம்மா நம்பவில்லை. "அவரு? சும்மாவா?"

"போற வழியில ரெண்டு கடைக்கு பெட்டி எறக்கணும். அவ்ளோதான்."

அந்த "அவ்ளோதான்" இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

தாம்பரத்தில் ஸ்வெட்டர் யாரிடம் இருக்கும்? எதிர்வீட்டு டீச்சரிடம் இருந்தது. அவர் சர்ச் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், வருஷா வருஷம் மலைக்குப் போகிறவர். இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவும் இரவல் கொடுத்தார். அந்துருண்டை வாசனை அடித்த அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை என் தம்பி ஒரு வாரம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். அவனுக்கு ஐந்து வயது.

கிளம்புகிற அன்றைக்கு விடியும்போது வேன் வாசலில் வந்து நின்றது. அம்மா புளியோதரைத் தூக்கோடு படியிறங்கினாள், அப்படியே நின்றாள். வேன் முழுக்கப் பெட்டி. பின்பக்கம் கூரைவரை அடுக்கி, மிச்சத்தை நாங்கள் உட்காரவேண்டிய நடுச் சீட்டிலும் திணித்திருந்தார்கள்.

டிரைவர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "நா இன்னாக்கா பண்றது? நைட்டு மொதலாளியே வந்து ஏத்திக் குட்தாரு. திண்டிவனம், விய்ப்புரம், திருச்சி, திண்டுக்கல்லு, வத்தலக்குண்டு. எல்லாத்துக்கும் லோடு கீது."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெட்டிகளைப் பார்த்தார். பிறகு இரண்டு பெட்டியை நகர்த்தி எங்களுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

"ஒவ்வொரு ஊரா எறக்க எறக்க எடம் வந்துரும்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்!

மடியில் ஒரு பெட்டி, காலுக்குக் கீழே ஒரு பெட்டி, முதுகில் குத்துகிற மூலையோடு இன்னொரு பெட்டி. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் எனக்குக் கால் மரத்துப்போனது. சரி, இறக்கிவிட்டு உடனே கிளம்பினாலாவது பரவாயில்லை. அப்பா கிளம்பினால்தானே!

திண்டிவனத்தில் ஒரு எலக்ட்ரிக் கடை. அந்தக் கடைக்காரருக்கு அப்பாவின் குரல் மட்டும்தான் தெரியும். சீசனில் பெட்டி கேட்டு போனில் கெஞ்சுகிறவர். அப்பா பெயரைச் சொன்னதும் கல்லாவை விட்டு எழுந்து ஓடிவந்தார்.

"சார்! நீங்களா சார்? வாங்க சார், உக்காருங்க. டேய், சாருக்கு நாற்காலி எடுத்துப் போடுறா!"

ஒயர் பின்னிய நாற்காலி வந்தது. அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். கலர் சோடா வந்தது, எங்களுக்கும் வேனுக்கே வந்தது. ஆனால் அப்பா எழுந்திருக்கவில்லை. போன வருஷ சீசன், இந்த வருஷ சீசன், கரண்ட் கட்டு என்று என்னென்னவோ பேசினார்கள். பெட்டி எப்போதோ இறக்கியாகிவிட்டது. வெயில் வேன் தகரத்தைக் காய்ச்சியது. ஹாரனை அடிக்கச் சொல்லி நான் டிரைவர் அண்ணனைக் கிள்ளினேன்.

"உடு பாப்பா. சாரு இன்னிக்குத்தான் குந்திகினு பேசறாரு" என்றார் அவர். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

விழுப்புரத்தில் இரும்பு மடக்கு நாற்காலி. திருச்சியில் கைவைத்த மர நாற்காலி, மேலே ஒரு துண்டு வேறு விரித்தார்கள். போகிற இடத்திலெல்லாம் சார், சார், சார். அப்பா அம்மாவைக் கீழே இறங்கச் சொல்லி, "இவங்க நம்ம வீட்ல" என்று காட்டினார். அம்மா வேண்டாவெறுப்பாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டாள். திருச்சியிலேயே இருட்டிவிட்டது. கொடைக்கானலில் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கவேண்டிய நேரத்தில் நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் கொசு அடித்துக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் குளித்து, சட்டை மாற்றி, தலை வாரி, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் திண்டுக்கல்லிலும் அதே கதை. வத்தலக்குண்டு போய்ச் சேரும்போது மத்தியானம் சாய்ந்துவிட்டது. ஆனால் மலை தெரிந்தது! கடைவீதிக்குப் பின்னால் நீலமாக, பெரிதாக. தம்பி அதைப் பார்த்ததும் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டான், குல்லாவையும் போட்டுக்கொண்டான். வேர்த்து ஊற்றியது. கழற்று என்றால் அழுதான். கடைசிப் பெட்டிகள் இறங்கின. முதல்முறையாக நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். அம்மாகூடச் சிரித்தாள்.

ஒவ்வொரு ஊரிலும் சரக்கு இறக்கியதும் அப்பா முதலாளிக்கு போன் போட்டுச் சொல்லவேண்டும், அது உத்தரவு. வத்தலக்குண்டு கடைக்காரர் போனைத் தூக்கி அப்பாவின் நாற்காலி பக்கத்திலேயே வைத்தார். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா, அந்தப் பக்கம் குரல் கேட்டதும் எழுந்து நின்றார். ஊர் தாண்டி, மாவட்டம் தாண்டி, எங்கோ இருக்கிற ஆளுக்காக எழுந்து நின்றார்!

"சரிங்க மொதலாளி... சரிங்க... இல்லீங்க, இன்னும் மேல போகலீங்க... சரிங்க."

போனை வைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான். நாளைக்குக் காலையில் வேன் குடோனில் நிற்கவேண்டும். லோடு குவிந்துவிட்டதாம். அவரும் நிற்கவேண்டும்.

"சார், கொஞ்சம் உக்காருங்க. காப்பி சொல்லிருக்கேன், குடிச்சிட்டுப் போலாம்" என்று கடைக்காரர் நாற்காலியை முன்னால் தள்ளினார். அப்பா அதில் மறுபடி உட்காரவில்லை.

அம்மா வேனிலிருந்து இறங்கினாள். "மல அங்க தெரியுது. கண்ணுக்கு முன்னால தெரியுது. பிள்ள ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

டிரைவர் அண்ணன் குறுக்கே வந்தார். "சார், ஒரே ரவுண்டு. மேல போய் ஏரிய சுத்திகினு நைட்டோட நைட்டா எறங்கிட்லாம். லேட்டாச்சுன்னா டயரு பஞ்சர்ன்னு சொல்லு. எவனுக்குத் தெரியப் போவுது?"

அப்பா தலையை ஆட்டினார். "வேணாம்ப்பா. எனக்குப் பொய் சொல்ல வராது."

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடை வாசலில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "நா வரமாட்டேன். உங்களுக்கு குடோன்தான் பெருசுன்னா அங்கயே போய் இருங்க. எங்கள எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? பெட்டி எறக்கவா?" என்று கத்தினேன். கடைவீதியே திரும்பிப் பார்த்தது. கடைசியில் டிரைவர் அண்ணன்தான் என்னைத் தூக்கி உள்ளே போட்டார். வேன் காலி. கால் நீட்ட இடம், படுக்க இடம், உருள இடம். யாருக்கு வேண்டும்? தம்பி தாம்பரம்வரை ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

விடியும்போது வீட்டு வாசலில் இறங்கினோம். அப்பா பல் தேய்த்து முகம் கழுவிக்கொண்டு அப்படியே குடோனுக்குக் கிளம்பினார். கேட்டருகே டீச்சர் பால் வாங்கிக்கொண்டு நின்றார்.

"என்ன சார், அதுக்குள்ள வந்துட்டீங்க? டூர் எப்படி இருந்துது?"

அப்பா நின்றார். தூக்கமில்லாத அந்த முகத்தில் திண்டிவனத்துச் சிரிப்பு திரும்ப வந்தது. "ரொம்ப நல்லா இருந்துது டீச்சர். போன எடமெல்லாம் நல்ல மரியாதை. உக்கார வெச்சுப் பேசி அனுப்பினாங்க."

"பொய்!"

நான்தான். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "பொய் சொல்ல வராதுன்னீங்களே, இப்ப எப்படி வருது? டீச்சர், நாங்க கொடைக்கானலே போகல. மலைக்குக் கீழயே திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாரு. நாங்க ஃபேன் எறக்கத்தான் போனோம்!"

டீச்சருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இழுத்தாளே தவிர, நான் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. அப்பா என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானமும் கேரியரை நான்தான் கொண்டுபோனேன். லாரிகள் வரிசையாக நின்றன. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது, மேலே ஃபேன் நின்றிருந்தது. அப்பா ஒரு காலி அட்டைப்பெட்டியை மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் எதிரே நின்றுகொண்டு முறைத்தேன். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். மோர் சோறு முடிகிற நேரத்தில் மெல்லச் சொன்னார்.

"நான் பொய் சொல்லலம்மா."

பாருங்கள், மறுபடியும் ஒரு பொய் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதர் ஐந்து ஊரில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார், அதுதான் அவர் போய்வந்த டூர் என்பது புரிய எனக்கு வருஷங்கள் ஆயின. புரிந்தபோது கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. ஒரு மனுஷனுக்கு உட்கார ஒரு நாற்காலி போட அந்த முதலாளிக்கு என்ன கேடு வந்தது?

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. காலிக் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு, அந்த ஒற்றை நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன். அப்பா எழுந்து வந்து, அதை இருந்த இடத்திலேயே நேராக்கி வைத்தார்.