அண்ணன் மூச்செடுக்கும் இடம்

அண்ணன் குவைத்துக்குப் போன பிறகு எங்கள் காலனி பேண்டு செட்டில் டிரம்பெட் ஊத ஆள் இல்லை. டிரம் அடிப்பவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அது சும்மாத்தான தொங்கிக்கினு கீது, நீ கத்துக்கோ" என்றார். சொல்லித்தரப் புத்தூர் பக்கம் யாரும் இல்லை. எனக்கு வாத்தியார் ஒரு கேசட்தான். அண்ணன் கடைசியாக ஊதிய கல்யாண ஊர்வலத்தை யாரோ அதில் பதிவு செய்திருந்தார்கள்.

முதல் மாதம் முழுக்க டிரம்பெட்டிலிருந்து எருமைக்கன்றுதான் கத்தியது. உதடு வீங்கிப்போய்க் குழம்பு பட்டாலே எரியும். தெருவே சிரித்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. குவைத்திலிருந்து போன் வருவது அதற்குள் நின்றுபோயிருந்தது. அனுப்பிவைத்த ஏஜென்டு திருப்பதி ஆபீசைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டான். அண்ணி தினமும் எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று நாங்கள் ஒருவரையொருவர் வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

ஆறாவது மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். கேசட்டில் அண்ணன் ஊதிய பாட்டு எனக்கு முழுசாக வந்துவிட்டிருந்தது. பெருமை தாங்காமல் ஊதிக்கொண்டு வந்தேன். கடைசி அடியில் எங்கள் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முதலில் டிரம்பெட்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீயா" என்றார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கடைசி அடி மேலே ஏறுவதற்கு முன் அண்ணன் ஒரு மூச்செடுப்பான். பாட்டில் அந்த இடைவெளியே கிடையாது. அவனுக்குத் தம் போதாது, அவ்வளவுதான். கேசட்டைக் கேட்டே கற்ற நான் அந்தத் தப்பையும் சேர்த்துக் கற்றிருந்தேன்.

மறுநாள் அண்ணி சொன்னார்: "அந்த எடத்துல நிறுத்தாம ஊது தம்பி. அவுரே வந்துட்ட மாதிரி கீது. என்னால தாங்க முடியல."

அடுத்த ஊர்வலத்தில் கண் இருட்டிக்கொண்டு வர, ஒரே மூச்சில் ஊதி முடித்தேன். எங்கள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அண்ணி கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுக்கினுதான் இருந்தேன்" என்றார். "வேணாம் தம்பி. பழையபடியே ஊது."

அண்ணன் வரவே இல்லை. நான் இன்றும் பழையபடியேதான் ஊதுகிறேன். செட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் தப்பு என்கிறார்கள். தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். ஆனால் அந்த இடத்தில் உதட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும், மிச்சத்தை அவன் எங்கிருந்தாவது ஊத ஆரம்பித்துவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.