யாருக்கு இந்தக் கோதுமை?

என் அம்மா ஸ்தமெனா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. அவள் எங்கள் ஊரான செவ்லியேவோவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் முப்பத்தோரு வருடம் நானூறு பேருக்குச் சமைத்தவள். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகிறது. ஆனாலும் அந்த நானூறு பேரும் வெளியே தட்டோடு நிற்கிறார்கள் என்ற நினைப்பிலேயே இருக்கிறாள். அடுப்பின் முன் நின்றபடி சட்டியில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டால் அவளுடைய காலைச் சாப்பாடு முடிந்தது. உட்காரம்மா என்றால், “நான் உக்காந்துட்டா வேலைய யாரு பாக்குறது?” என்பாள். இந்த வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்.

போன ஜனவரியில் வெறும் வயிற்றோடு நின்று நின்று அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். காலையில் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார் டாக்டர். “அவருக்கென்ன, பொண்டாட்டி சமைச்சுப் போடுறா” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நின்றுகொண்டே ரொட்டியைக் கடித்தாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அதனால் மார்ச் எட்டு வந்தபோது ஒரு முடிவுக்கு வந்தேன். அன்று ஊரே அம்மாக்களுக்குப் பூ வாங்கும். எனக்குப் பூவெல்லாம் வேண்டாம். இவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு தட்டு நிறையச் சூடாகப் பரிமாறி, அதை முடிக்கும்வரை எழுந்திருக்க விடக் கூடாது. அவ்வளவுதான்.

அவளுக்கு உயிர், அவித்த கோதுமை. வறுத்த மாவும் வால்நட்டும் கலந்து மேலே பொடித்த சர்க்கரை தூவியது. ஆனால் எங்கள் வழக்கத்தில் அதை இறந்தவர்களுக்காகத்தான் செய்வோம், செத்த அன்றும், நாற்பதாம் நாளும், பிறகு வருடா வருடமும். கல்லறையில் கொஞ்சம் வைத்துவிட்டு மீதியைக் கப்புகளில் போட்டு அக்கம்பக்கத்தில் கொடுப்போம். வாங்குகிறவர்கள் “ஆண்டவன் மன்னிக்கட்டும்” என்று சொல்லி வாங்குவார்கள். ஒவ்வொரு வருடமும் அம்மா பாத்திரத்தின் அடியில் கிடக்கும் கடைசி மணியையும் வழித்துத் தின்றுவிட்டு, “செத்தவங்க குடுத்து வச்சவங்கடி” என்று பெருமூச்சு விடுவாள். அதைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாளே ஒரு கிலோ கோதுமையை ஊறவைத்து என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அவளுடைய அலாரத்தையும் எடுத்துக்கொண்டேன். விடியற்காலையில் அடுப்பில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, இந்தச் சனியன் வேக வேகப் பெருகிக்கொண்டே போகும் என்று. ஒரு பானை இரண்டானது, இரண்டு மூன்றானது. அம்மா இதைப் பார்த்தால், எதற்கு இவ்வளவு என்று கேட்டே காலையை ஓட்டிவிடுவாள். அவள் எழுவதற்குள் மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு கப்பில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தேன்.

தலை நிறையக் கிளிப்புகளோடு ஸ்லாத்கா அக்கா கதவைத் திறந்தாள்.

“ஆண்டவன் மன்னிக்கட்டும்” என்று கப்பை வாங்கிக்கொண்டாள். “யாருக்குடி இது, நெவேனா?”

“அம்மாவுக்கு” என்றேன். அம்மாவுக்காகச் செய்தேன் என்று அர்த்தம். வேறென்ன சொல்வது?

“ஐயோ! எப்படி? நேத்து மாடிப்படியில பாத்தேனே!”

“எல்லாம் திடீர்னுதான்க்கா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. தூங்கிட்டு இருக்கா.”

“தூக்கத்துலேயேவா!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். மார்ச் எட்டு அல்லவா, நான் அம்மாமேல் வைத்திருக்கும் பாசத்தைப் பார்த்துத்தான் உருகுகிறாள் என்று நானும் கொஞ்சம் பெருமையோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

தட்டில் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. நான் போவதற்குள் அம்மா எழுந்து இரவு உடையோடு கதவைத் திறந்துவிட்டாள்.

வாசலில் ஸ்லாத்கா. அவளுக்குப் பின்னால் கீழ்வீட்டுக் கோஸ்தா மாமா, கறுப்புக் கோட்டில். மனைவிக்காக வாங்கி வைத்திருந்த ஐந்து கார்னேஷன் பூக்களில் ஒன்றை உருவிவிட்டு நாலோடு வந்திருந்தார். சாவுக்கென்றால் பூ இரட்டைப்படை, உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, அதுதானே வழக்கம். அம்மாவைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். ஸ்லாத்கா அலறிய அலறலில் மேல்வீட்டு நாய் குரைத்தது.

“என்னடி, காலங்காத்தால யாரு செத்தா?” என்றாள் அம்மா.

“நீதான்!” என்றாள் ஸ்லாத்கா.

அம்மா பூக்களை எண்ணினாள். அடுப்படியிலிருந்து வந்த கோதுமை வாசனையை மோந்து பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி, உசிரோட இருக்குறவளுக்கு யாராவது கோதுமை அவிப்பாங்களா?”

“உனக்குப் பிடிக்கும்னுதான் செஞ்சேன்! மூணு பானை!”

“மூணா!” என்று தலையில் கை வைத்தாள். உடனே வந்தவர்களைப் பார்த்து, “சரி, உள்ள வாங்க. காப்பி போடுறேன்” என்று அடுப்படிக்கு நடந்தாள்.

அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. “செத்தவ காப்பி போட மாட்டா! உக்காரும்மா!” என்று கத்தினேன். 

“அவ சொல்றது நியாயந்தான்” என்றாள் ஸ்லாத்கா, கண்ணைத் துடைத்தபடி. “உனக்காக நான் அழுது முடிச்சாச்சு. நாப்பதாம் நாளுக்கு என்ன செய்யலாம்னுகூட யோசிச்சுட்டேன். உக்காரு.”

கோஸ்தா மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா அதன் விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்தாள். நான் தட்டை வைத்தேன். இரண்டு முறை எழப் பார்த்தாள், மேஜையைத் துடைக்க ஒரு முறை, அடுப்பை அணைக்க ஒரு முறை. இரண்டு முறையும் தோளை அழுத்தினேன். அந்தத் தோள் இவ்வளவு இளைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கோஸ்தா மாமா கீழே போய் ஐந்தாவது பூவைக் கொண்டுவந்து மற்ற நாலோடு சேர்த்து வைத்தார். அவர் மனைவிக்கு என்ன பதில் சொன்னாரோ.

அம்மா கடைசி மணிவரை வழித்துச் சாப்பிட்டாள்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“சரியா வேகல. சர்க்கரை பத்தாது.”

பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே காலித் தட்டை என்னிடம் நீட்டினாள்.

“இன்னும் ரெண்டு கரண்டி வை. நாப்பதாம் நாளுக்கும் நீயே செஞ்சிடு.”