சேலைக்கு ஆள் பிரேமலா

பிரேமலாவுக்குக் கல்லூரியில் இரண்டு வேலை. ஒன்று, கணக்கியல் பாடம் எடுப்பது. மற்றது, ஆண்டுக்கொரு முறை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இளிப்பது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியின் விளம்பரப் படத்துக்கு மலாய்க்காரருக்கு ஒரு பாஜு கூரோங், சீனருக்கு ஒரு சியோங்சாம், இந்தியருக்கு ஒரு சேலை வேண்டும். சேலைக்கு ஆள் அவள்தான். கோத்தா திங்கி செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, கடையில் நின்று சம்பாதித்துப் பட்டம் வாங்கியவள். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலை என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வந்தாள்.

இந்த ஆண்டு படத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். 'பன்முகத்தன்மை, சமநீதி, அனைவருக்கும் இடம்' என்று கீழ்த்தளக் கூடத்தில் சுவர் நீளத்துக்குப் பதாகை; வியாழக்கிழமை அதன் முன்னால் விழாவும் படமெடுப்பும். பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பிரேமலா பொருள் புரிந்து படித்துத் தொலைத்தாள்.

அவளுடைய வகுப்பு மூன்றாம் மாடியில். மின்தூக்கி கெட்டு மாதக்கணக்காகிவிட்டது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி சாந்தினியை வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கச் சொல்லிவிட்டார்கள். பொந்தியானில் அவள் வீட்டு இணையமோ மழை தூறினாலே படுத்துவிடும். படிப்பை விட்டுவிடப் போகிறேன் மிஸ் என்று அவள் செய்தி அனுப்பினாள்.

பிரேமலா மாணவர் விவகாரத் தலைவர் மகேஸ்வரனிடம் போனாள்.

"சார், கீழ மீட்டிங் ரூம் சும்மாதானே கெடக்கு? என் கிளாஸ அங்க மாத்திக் குடுங்க."

"அலமாக், அது பெரிய ஆளுங்க வந்தா உக்கார்ற ரூம் லா. வியாழக்கிழமை விழாவுக்கு நல்ல சேலையா கட்டிட்டு வாங்க. காண்ட்ராக்ட் முடியற நேரம், பாத்து நடந்துக்குங்க."

வேலை போனால் போகட்டும் என்று அன்றைக்கே மனத்தில் முடிவு கட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை அவள் சேலை கட்டவில்லை. அவள் சொன்னபடி மாணவர்கள் மாடியிலிருந்து நாற்காலிகளையும் வெள்ளைப் பலகையையும் இறக்கிப் பதாகைக்கு முன்னால் போட்டார்கள். அண்ணன் காரில் வந்திறங்கிய சாந்தினி முதல் வரிசையில் இருந்தாள். விழாவுக்கு வந்தவர்கள் நிற்க இடமில்லாமல் விழித்தார்கள்.

மகேஸ்வரன் ஓடி வந்தார். "என்ன பிரேமலா இது? மானத்த வாங்குறீங்களா?"

"கிளாஸ் நடக்குது சார். மேல எல்லாராலயும் வர முடியல. அதான் கீழ வந்துட்டோம். சுவத்துல நீங்க எழுதி வச்சதத்தான் செய்யறேன்."

ஏதோ கத்த வாயெடுத்தவரின் கண்ணில் சக்கர நாற்காலி பட்டது. முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. புகைப்படக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். "இந்தப் பிள்ளைய நடுவுல வச்சு எடுங்க. படம் பிரமாதமா வரும்!"

பிரேமலா வாய் திறப்பதற்குள் சாந்தினி முந்திக்கொண்டாள்.

"மேல எங்க கிளாஸ்ல வச்சு எடுங்க சார். நான் எப்படி ஏறி வரணும்னு மட்டும் சொல்லுங்க."

மகேஸ்வரன் படிக்கட்டைப் பார்த்தார், விருந்தினர்களைப் பார்த்தார், கேமராவை இறக்கச் சொல்லிப் புகைப்படக்காரருக்குக் கை காட்டினார்.

"சார் பதில் சொல்ற வரைக்கும் நமக்கு இங்கதான் பாடம்" என்று சொல்லிவிட்டுப் பிரேமலா பலகைப் பக்கம் திரும்பினாள்.