ஜி வரிசையில் ஆறு பேர்

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக் காட்சி. ஜி வரிசையில் இருந்தவர்கள் இவர்கள்.

சுவர் ஓரத்தில் எங்கள் தொழிற்சாலையின் லைன் லீடர் அக்கா.

அவருக்கு அடுத்து அவர் கணவர். மடியில் பெரிய பாப்கார்ன் டப்பா.

அடுத்து என் தங்கை. லிட்டில் இந்தியாவில் சேலைக் கடையில் வேலை செய்கிறாள்.

அடுத்து எங்கள் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை செய்யும் பெண். அப்போதுதான் அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது.

அடுத்து நான்.

எனக்கு வலப்பக்கம், நடக்கும் வழியை ஒட்டி, அவள்.

ஆறு பேர். ஐந்து பேர் இந்து, அவள் மட்டும் முஸ்லிம். இப்படிப் பிரித்து எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு உள்ளே போகும்வரை நாங்கள் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவளும் நானும் பதினோரு வருடம் ஒரே பெஞ்சில் இருந்தோம். எங்களுக்குப் பார்க்கிற வேலை. சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பலகைகள் வரும். லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்ப்போம். பழுது இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனித் தட்டில் வைப்போம். வேலை முடியும்போது பழுது எத்தனை என்று ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண் தப்பாகிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பான எண்ணின்மேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண். பழைய எண்ணும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அவள் தொழப் போனால் அவள் தட்டையும் நான் பார்த்துக்கொள்வேன். தைப்பூசத்துக்கு நான் விரதம் பிடித்தால் கேண்டீனில் அவளும் என்னோடு சைவம் சாப்பிடுவாள்.

“உங்க முருகனுக்காக ஒன்னும் இல்ல. எனக்கு டயட்” என்பாள்.

மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பாள். “இன்னும் எத்தன நாளு க்கா? கனவுல கோழி வருது.”

இரண்டு பேருக்கும் வீடு சுங்கை பினாங். ஒரே ஃபிளாட் கட்டடம் இல்லை, அடுத்தடுத்த கட்டடம். காலையில் தொழிற்சாலை பஸ் ஆறு பத்துக்கு வரும். ஜன்னலோரம் அவளுக்கு. என்னைவிட ஏழு வயது இளையவள். ஆனாலும் ‘வா க்கா, போ க்கா’ என்றுதான் பேசுவாள். எனக்கு அது பிடிக்கும். என் தங்கையைத் தவிர வேறு யாரும் என்னோடு அப்படிப் பேசியதில்லை.

அவளுக்குக் காதல் படம் என்றால் உயிர். பையில் டிஸ்யூ பாக்கெட் இல்லாமல் அரங்கத்துக்கு வர மாட்டாள். அழுகிற இடம் வந்தால் இரண்டு உருவுவாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. எனக்குப் படம் பார்த்து அழுகை வராது. அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் கொடுப்பாள். நான் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வேன்.

இந்தப் படத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். பஸ்ஸில் ஃபோனைக் காட்டினாள். வடநாட்டுப் படம், தமிழ் டப்பிங்.

“பாரு க்கா. பையன் எப்படி இருக்கான்?”

“மீசை ஒட்டு மீசை மாதிரி இருக்கு.”

“உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு. ஞாயித்துக்கிழமை போறோம். லீடர் அக்காவும் வராங்களாம்.”

வீட்டில் தங்கையிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

“அந்தப் படத்துக்கா? அதுல மதக் கலவரம் வருது லா. கடையில ரெண்டு நாளா இதே பேச்சு. ஒருத்தங்க கட்டாயம் பாக்கணுங்கிறாங்க, இன்னொருத்தங்க பாக்கவே கூடாதுங்கிறாங்க. உன் கூட்டாளிய எதுக்கு இழுத்துட்டுப் போற?”

“அவதான் என்னை இழுத்துட்டுப் போறா.”

“அவகிட்டச் சொல்லிட்டியா?”

சொல்லவில்லை. மறுநாள் பஸ்ஸில் சொல்ல நினைத்தேன். அவள் அந்தப் படத்துப் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த நாளும் விட்டுவிட்டேன்.

தங்கையும் தொற்றிக்கொண்டாள். ஸ்டோர் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். கொம்தார் பக்கத்து அரங்கம். எல்லாரும் டிக்கெட்டோடு உள்ளே போனோம்.

முதல் பாதி சிரிப்புத்தான். பையன் தையல் மிஷின் பழுது பார்ப்பவன், இந்து. பெண் முஸ்லிம், பள்ளிக்கூட டீச்சர். அம்மாவின் மிஷினைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்கு வருகிறாள். சரி செய்து தருகிறான். மறு வாரம் மறுபடியும் வருகிறாள்.

“ஊசிய அவளேதான் உடைக்கிறா க்கா” என்று அவள் என் காதில் சொன்னாள். “கள்ளி.”

வரிசையின் அந்தக் கோடியிலிருந்து லீடர் அக்காவின் கணவர், “பில்லே போட மாட்டேங்கிறான், இவன் எப்படிக் கடை நடத்துவான்?” என்றார். பக்கத்து வரிசைகளும் சிரித்தன. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இங்கே இடைவேளை விட மாட்டார்கள். சிரிப்புப் போன வேகத்திலேயே கலவரம் வந்தது. ஊரில் ஒரு ஊர்வலம். ஒரு கல் விழுந்தது. யார் எறிந்தது என்று படத்தில் காட்டவில்லை. பிறகு கடைத்தெரு பற்றிக்கொண்டது.

முதலில் எரிந்தது பையனின் தெரு. பெண்ணின் ஆட்கள் தீப்பந்தத்தோடு வருகிறார்கள். அவன் கடைக்குள் அவன் அப்பா மாட்டிக்கொள்கிறார்.

எங்களுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், “இவனுங்க எங்க போனாலும் இப்படித்தான்” என்றது.

“வாய மூடிட்டுப் படத்தப் பாரு லா” என்று வேறொரு குரல்.

யாரோ ஒரு வயதான அம்மா, “ஐயோ, கிழவனை விடுங்கடா” என்று சத்தமாகவே அழுதார்.

அப்போதுதான் எங்கள் வரிசை திரும்பியது. லீடர் அக்கா, அவர் கணவர், என் தங்கை, ஸ்டோர் பெண். திரையைப் பார்க்கவில்லை. எனக்கு வலப்பக்கம் இருந்த அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள்.

அவளுக்கு அது தெரியாது. கண் திரையில் இருந்தது. முகத்தில் தீயின் சிவப்பு. கன்னம் நனைந்திருந்தது. மடியில் இருந்த பாக்கெட்டில் விரல் விட்டு இரண்டு டிஸ்யூ உருவினாள். ஒன்றை எனக்குக் கொடுக்கத் திரும்பினாள். திரும்பினால் எதிரில் இத்தனை முகங்கள்.

கை அப்படியே நின்றது. பிறகு டிஸ்யூவை என் கையில் வைத்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

அடுத்து பெண்ணின் தெரு எரிந்தது. இப்போது தீப்பந்தம் பையனின் ஆட்கள் கையில். ஒரு பள்ளிவாசல் வாசலில் சின்னச் செருப்புகள் கிடந்தன. முன் வரிசையில் இரண்டு பேர் விசில் அடித்தார்கள். யாரோ கை தட்டினார்கள், பிறகு தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். அந்த நேரத்தில் என் முகத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

படம் முடிந்தது. பையன் பிழைத்தான். பெண் பிழைக்கவில்லை. விளக்கு போட்டதும் எல்லாரும் காலைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தோம்.

லீடர் அக்கா நல்ல மனம் உள்ளவர். யார் வாடியிருந்தாலும் ஏதாவது சொல்லியாக வேண்டும் அவருக்கு. அவள் தோளில் கை வைத்தார்.

“ஒன்னும் மனசுல வெச்சுக்காத லா. உங்க ஆளுங்களயும் கடைசியில நல்லவங்களாத்தான் காட்டியிருக்கான்.”

“எங்க ஆளுங்க சுங்கை பினாங்ல இருக்காங்க க்கா” என்றாள் அவள். “படத்துல யாரயும் எனக்குத் தெரியாது.”

லீடர் அக்கா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கணவர் பாப்கார்ன் டப்பாவைக் குப்பையில் போடப் போனார். அதில் இன்னும் பாதி இருந்தது.

எஸ்கலேட்டரில் அவளும் நானும் ஒரே படியில் நின்றோம்.

“நான் படம் பாக்க வந்தேன் க்கா” என்றாள். “எல்லாரும் என்னப் பாத்தீங்க.”

நான் உடனே சொன்னேன். “நான் பாக்கல லா. அவங்கதான்.”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கீழே வந்துவிட்டோம்.

“சரி க்கா” என்றாள்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் பஸ்ஸில் எப்போதும் போல ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பசியாறியாச்சா என்று கேட்டேன். ஆச்சு என்றாள். நீ பசியாறிட்டியா என்று திருப்பிக் கேட்பாள் வழக்கமாக. கேட்கவில்லை. பெஞ்சில் வேலையைப் பற்றி மட்டும் பேசினோம். அவள் தொழப் போகும்போது தட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. மூடி வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து மதிய ஷிஃப்டுக்கு மாறிவிட்டாள். எனக்கு லீடர் அக்கா சொல்லித்தான் தெரியும்.

“புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்ப வசதியா இருக்குமாம்” என்றார்.

இருக்கலாம். அந்தப் பிள்ளைகள் இதற்கு முன்பும் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். எல்லா வருடமும் போவேன். நேரே அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்து நானே போட்டுச் சாப்பிடுவேன். அந்த வருடம் அவள் வாசலுக்கு வந்தாள்.

“வாங்க க்கா. உக்காருங்க.”

ஹாலில் சோபாவில் உட்கார வைத்தாள். ரெண்டாங், கேத்துப்பாட், நெய்ச்சோறு எல்லாம் வந்தது. கண்ணாடித் தட்டு. அலமாரியில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் தட்டு அது. பதினோரு வருடத்தில் நான் அதில் சாப்பிட்டதில்லை. அவள் என்னை நன்றாகக் கவனித்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்று வருடம் போயிற்று. யாராவது அவளைப் பற்றிக் கேட்டால், ஏன் இப்போது சேர்ந்து வருவதில்லை என்று கேட்டால், அந்தப் படத்தின் கதையைச் சொல்வேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவள் மனம் விட்டுப்போயிற்று என்று முடிப்பேன். கேட்டவர்கள் தலையை ஆட்டுவார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அது அப்படித்தான் நடந்தது போல ஆகிவிட்டது.

இந்த வருடம் லீடர் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கேண்டீனில் டீ, கரிபாப், கேக். கணவரும் வந்திருந்தார். அந்தப் படத்தை டிவியில் போட்டிருக்கிறார்கள் என்று ஸ்டோர் பெண் பேச்சை எடுத்தாள். இப்போது அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

“அன்னிக்கு அந்தப் புள்ளயப் பாத்திருக்கக் கூடாது லா” என்றார் லீடர் அக்கா.

“நான் பாக்கல. பாப்கார்ன் கீழ விழுந்துச்சு, அதைத் தேடுனேன்” என்றார் கணவர்.

“பாப்கார்ன் அவ மூஞ்சியிலயா விழுந்துச்சு?” என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

“நாலு பேரும் திரும்புனீங்க” என்றேன். “இப்ப சிரிங்க.”

“நாலா?” என்றாள் ஸ்டோர் பெண். “நீங்க க்கா?”

“நான் திரும்பல.”

அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். குத்திக்காட்டுகிற பெண் இல்லை அவள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“நான் உங்களுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன் க்கா. அவங்களப் பாக்கத்தான் திரும்புனேன். ஆனா அவங்க மூஞ்சியே எனக்குத் தெரியல. உங்க கொண்டைதான் தெரிஞ்சுது.”

லீடர் அக்கா டீக் கிளாஸைப் பார்த்தார். கணவர் இன்னொரு கரிபாப் எடுத்தார். இருபது வருடமாகப் பழுதைக் கண்டுபிடித்தே பழகிய கண் என்னுடையது.

அந்த வாரமே அவளைத் தொழிற்சாலை கேட்டில் பார்த்தேன். நாங்கள் வெளியே வரும் நேரம்தான் மதிய ஷிஃப்ட் உள்ளே போகும் நேரம். கார்டு தட்டும் இடத்தில் இரண்டு வரிசையும் உரசிக்கொண்டு போகும். அவள் முன்னால் போய் நின்றேன்.

“அன்னிக்கு நானும் பாத்தேன்” என்றேன்.

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

“தெரியும் க்கா. டிஸ்யூ குடுக்கத் திரும்புனேன்ல.”

“அப்பவே ஏன் சொல்லல நீ?”

“நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்.”

“இப்ப சொல்லிட்டேன்ல.”

“ஆமா” என்றாள். “சொல்லிட்டீங்க.”

பின்னால் ஒருத்தி, “கார்டு தட்டிட்டுப் பேசுங்க லா, லேட் ஆகுது” என்று கத்தினாள். அவள் கார்டைத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“பஸ் போயிடும். போங்க க்கா.”

போங்க என்றுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. யார் ஏறினாலும் அதில் உட்காரட்டும் என்று நான் வழிப்பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கைப்பையில் சில்லறை தேடினேன். அடியில் பழைய டிஸ்யூக்கள் மடிந்து கிடந்தன. அதில் அந்த ஒன்று எது என்று தெரியவில்லை.

இத்தனை நாளும் கேட்டவர்களிடம் நான்கு என்று சொன்னேன். அதன்மேல் கோடு போடுகிறேன். அன்றைக்கு ஜி வரிசையில் திரும்பிப் பார்த்தவர்கள்:

ஐந்து.